ரெண்டு ஜிபி இழுக்காதாம்

அந்தப் பெட்டி மேல மட்டும் பையை வைக்காதீங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பை கனம் ஒண்ணுமில்ல, தெரியுது. உள்ள இருக்குற சாமான் அப்படி. நான் மடியிலயே வச்சுக்கிறேன், நீங்க காலை நீட்டி உக்காருங்க. ராசிபுரந்தானே? நானும் அங்கதான். இந்த வண்டி போற போக்குக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். டிரைவர் புதுசு. செகண்ட் கியர்ல போக வேண்டிய இடத்துல தேர்டு போட்டு இழுத்துட்டு இருக்காரு, இன்ஜின் முக்குறது கேக்குதா? எனக்கு அது கால் வழியா தெரிஞ்சிரும். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டினவன் நான்.

இதுவா? கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறதுக்குப் போடுறது. உங்களுக்குத் தெரியாம இருக்குமா, கழுத்துல கம்பெனி அட்டை தொங்குதே. எனக்குத்தான் வாங்கிட்டுப் போறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க, கோவிச்சுக்க மாட்டேன். கடையில நின்ன காலேஜ் பசங்களும் சிரிச்சாங்க. உங்களுக்கு எந்த கேம்ங்க ஐயான்னு கேட்டாங்க. லாரி ஓட்டுற கேம்னு சொன்னேன். ஆயுசு பூரா ஓட்டினது பத்தலையான்னு என் சம்சாரம் பூங்கொடி கேக்குறதைத்தான் அவங்களும் கேட்டாங்க, கொஞ்சம் மரியாதையா கேட்டாங்க, அவ்வளவுதான்.

என் பேரு அர்த்தனாரி. ரிடையராகி நாலு வருஷம். ஒரே பையன், சுதர்சன், ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல இருக்கான். அவன் காலேஜ் படிக்கிறப்ப கேமுக்குன்னே ஒவ்வொரு பாகமா பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் வீட்டுல இருக்கு. பதினொரு வருஷத்துப் பெட்டி. வண்டியா இருந்தா இந்நேரம் எஃப்சிக்கு ஆர்டிஓ ஆபீசுக்கு நாலு தடவை அலைய விட்டிருப்பாங்க. ஆனா நல்ல பெட்டி. அதுல இருக்குற கார்டு ரெண்டு ஜிபி. அதுதான் இப்பப் பிரச்சினை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி லீவுல வந்திருந்தான். வந்தா எனக்கும் அவனுக்கும் பேசிக்க என்ன இருக்கு? அவன் வளர்ந்த காலம் பூரா நான் டியூட்டியில இருந்தேன். நான் வீட்டுக்கு வந்தா அவன் ஸ்கூல்ல இருப்பான், அவன் வந்தா நான் தூங்கிட்டு இருப்பேன். சாப்பிட்டியா, ம், பரீட்சை எப்ப, அடுத்த வாரம். இருபது வருஷம் நாங்க பேசினதை ஒரு டிக்கெட்டுப் பின்னாடி எழுதிரலாம். அந்த லீவுலதான் ஒரு நாள் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, எங்கயோ போய் ஒரு ஸ்டீயரிங் வாங்கிட்டு வந்து மேசையில வச்சு முடுக்கினான். கீழ பெடல் கூட இருக்கு. ஓட்டிப் பாருங்கப்பான்னான். நான் என்ன சின்னப் பையனான்னு சொல்லிட்டு, அவன் குளிக்கப் போனப்புறம் உக்காந்து பார்த்தேன்.

என்ன சொல்றது தம்பி. குழியில இறங்கினா ஸ்டீயரிங் கையில அதிருது. ஆனா கேம்ல வர்றது ஏதோ வெளிநாட்டு ரோடு, அங்கெல்லாம் வலது பக்கம்தான் போகணும். மூணு வாரம் எதுக்க வந்த லாரிக்காரனெல்லாம் என்னைத் திட்டிட்டுத்தான் போயிருப்பான், அவன் பாஷை எனக்குப் புரியாததால தப்பிச்சேன். அப்புறம் பழகிருச்சு. தலையில துண்டைக் கட்டிட்டு, செருப்பைக் கழட்டி வச்சிட்டு உக்காந்துருவேன். ஆயுத பூஜை அன்னைக்கு ஸ்டீயரிங்குக்கும் டிவிப் பெட்டி மாதிரி இருக்குதே, அந்த மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, ரெண்டு பெடலுக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கித்தான் வண்டியை எடுத்தேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். பையன் அதைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சானாம், பூங்கொடி சொன்னா.

ஞாயித்துக்கிழமை மூணு மணி. அதுதான் எங்க டைம். அங்க அவனுக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம். இன்டர்நெட் வழியா ஒரே ரோட்டுல ஆளுக்கு ஒரு லாரி. அவன் முன்னாடி, நான் பின்னாடி. ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டா அவன் பேசுறது பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்கும். மொத மாசம் ரோட்டைப் பத்தித்தான் பேசுவோம். அப்புறம் மெதுவா வந்துச்சு. அவன் ஆபீஸ்ல மேனேஜர் எப்படி, குளிர் எப்படி, சின்ன வயசுல என் சைக்கிளைத் தெரியாம எடுத்துட்டுப் போய் பெடலை உடைச்சது, எல்லாம் வந்துச்சு. நானும் சொன்னேன். என் டிப்போ கதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்துட்டு இருக்கோம் பாருங்க, ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்க வேண்டியதில்ல. அப்பத்தான் எனக்குப் பேச்சு வரும். இப்ப உங்ககிட்ட வரலையா, அந்த மாதிரி.

நல்லா ஓட்டுவான். ஒரே ஒரு குறைதான், இண்டிகேட்டர் போட மாட்டான். அதை அப்புறம் சொல்றேன்.

இப்ப மூணு மாசம் ஆகுது. ஒரு ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் துண்டைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன், ஆளைக் காணோம். அஞ்சு மணிக்கு ஒரு மெசேஜ் வருது. அப்பா, கேம்ல புது அப்டேட் வந்துருச்சு, உங்க கார்டு ரெண்டு ஜிபி, இனிமே இழுக்காது, பாத்துக்கலாம்னு போட்டிருந்தான். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை நின்னு போச்சு. நான் தனியா ஓட்டிப் பார்த்தேன். தனியா ஓட்டினா நல்லாத்தான் ஓடுது, ஒரு இடத்துலயும் திக்கல. அவனோட சேர்ந்து ஓட்டுறதுக்குத்தான் இழுக்காது போல. அப்டேட் அப்படி.

சரி, கார்டுதானே மாத்தணும், மாத்திருவோம்னு இறங்கினேன். ஆனா எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது. டிரிப் ஷீட் எழுதின கை பாருங்க, ஒரு நோட்டுப் போட்டேன். தமிழ்ல வீடியோ போடுறாங்களே, அதையெல்லாம் பார்த்து எழுதினேன். பெட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழட்டினேன். உள்ள கார்டு நீளம் எவ்வளவு வரைக்கும் போகும்னு அளக்கணும்னான் ஒரு வீடியோவுல. டேப் உள்ள மடங்குது. வெளக்கமாத்துக் குச்சி ஒண்ணை உடைச்சு உள்ள விட்டு, ஹார்ட் டிஸ்க் இடிக்கிற இடத்துல நகத்தால கீறினேன். இந்தா, சட்டைப் பையிலயே இருக்கு பாருங்க. இதுக்கு மேல ஒரு நூல் நீளம் போனாலும் உக்காராது. கரண்டு குடுக்குற பெட்டி முன்னூத்தம்பது வாட்ஸ், அதையும் எழுதிக்கிட்டேன். பிராசஸர் பழசு, அதுக்கு மேல ரொம்பப் பெரிய கார்டு போட்டாலும் தண்டம், சின்ன இன்ஜினுக்கு ட்ரெய்லரை மாட்டின கதைதான். ரெண்டு மாசம் படிச்சேன் தம்பி. லைசென்ஸ் வாங்குறதுக்குக் கூட நான் இவ்வளவு படிக்கல.

இன்னைக்குக் காலைல பூங்கொடிகிட்ட சேலம் போறேன்னேன். எதுக்குன்னா. கார்டு வாங்கன்னேன். அவ கையில இருந்த முறத்தைக் கீழ வச்சிட்டு என்னையே பார்த்தா. நீங்க அவனுக்கு ஒரு போனைப் போடுங்க, அது போதும், அந்தப் பெட்டியில ஒண்ணுமில்லன்னா. அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கிளம்பி வந்துட்டேன்.

கடை அஞ்சு ரோடு பக்கம் மாடியில. ஒரு அம்மா நடத்துறாங்க, மெகருன்னிசான்னு பேரு, நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். கையில ஸ்க்ரூ டிரைவரோடதான் பேசுறாங்க. வெவரமானவங்க. மூணு கார்டை எடுத்து முன்னாடி வச்சாங்க. ஒண்ணு எட்டு ஜிபி, ரெண்டு ஃபேன், பழசு. ஏதோ மைனிங்காம், கம்ப்யூட்டர் காசு எடுக்குறதுக்கு ராவும் பகலும் நிக்காம ஓட விட்டதாம். நான் அதைக் கையில வாங்கி ஃபேனை விரலால சுத்திப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், ஸ்க்ரூ தலையில கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். பழைய வண்டி வாங்குறப்ப அப்படித்தானே பாக்கணும். அந்த அம்மா சிரிச்சிட்டாங்க. நிக்காம ஓடினது தப்பில்லைங்க, லாங் ரூட் வண்டி இன்ஜின் டவுன் பஸ் இன்ஜினை விட நல்லாத்தான் இருக்கும்னு நான் சொன்னேன். அவங்களும் ஆமாம்னாங்க. ஆனா அதுக்குத் தனியா கரண்டு ஒயர் வேணும், என்கிட்ட இருக்குற முன்னூத்தம்பது தாங்காது. குச்சியை வச்சு அளந்தேன், நீளமும் இடிக்குது. அதைத் தள்ளி வச்சாச்சு.

ரெண்டாவது நாலு ஜிபி, அதுவும் பழசு, ஒரு பிரவுசிங் சென்டர்ல ஓடினதாம். ஃபேன் ஒரு பக்கம் தட்டுச்சு. வேண்டாம்னுட்டேன். மூணாவது இதுதான். புதுசு, சின்னது, ஒரே ஃபேன், போர்டுல இருந்தே கரண்டு எடுத்துக்கும். ஆறு ஜிபி. குச்சிக்குள்ள அடங்குது. இதையே குடுங்கன்னேன். அப்பத்தான் அந்த அம்மா, மானிட்டர்ல என்ன பின் இருக்குங்கன்னு கேட்டாங்க. நீலக் கலர், ரெண்டு பக்கமும் முடுக்குறதுன்னேன். இந்தக் கார்டுல அந்த ஓட்டையே கிடையாதாம். ரெண்டு மாசம் படிச்சேன், பெட்டிக்குள்ளயே அளந்துட்டு இருந்தேன், வெளிய இருக்குற மானிட்டரைத் திரும்பிப் பாக்கல பாருங்க. நல்ல வேளை, அதுக்குக் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்குன்னு எடுத்துக் குடுத்தாங்க. அது தனியா பையில இருக்கு.

எல்லாம் முடிஞ்சு பெட்டியை ஒட்டுறப்ப, எந்த கேமுக்குங்க ஐயான்னாங்க. பேரைச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சிட்டாங்க. ஐயா, அதுக்கு உங்க பழைய கார்டே போதுமே, எர்ரர் என்ன வருதுன்னு கேட்டாங்க. எர்ரர் ஒண்ணும் வரலைங்க, பையன்தான் இழுக்காதுன்னு சொன்னான்னேன். பையன் எங்க இருக்காப்லன்னாங்க. சொன்னேன்.  பெட்டியை என் பக்கம் தள்ளி வச்சிட்டு, ஒரு வாரத்துக்குள்ள வேண்டாம்னு தோணுச்சுன்னா பிரிக்காம கொண்டாங்க, நான் திருப்பி எடுத்துக்கிறேன்னாங்க. நல்ல மனுஷி, ஆனா இப்படி வியாபாரம் பண்ணா கடை எப்படி ஓடும்? கேம் ஆடுறவன் சொல்றான் இழுக்காதுன்னு, விக்குறவங்க சொல்றாங்க இழுக்கும்னு. நான் யாரை நம்புறது?

பாருங்க, பாருங்க, கண்ணாடியைப் பாக்காமலே லெஃப்ட்ல ஒடிக்கிறாரு. ஸ்கூட்டர்ல ஒரு பொம்பளை வந்துட்டு இருந்துச்சு. இதுக்குத்தான் நான் இந்த மூணாவது சீட்டுல உக்காருறதே இல்ல, எல்லாம் கண்ணுல படுது. கடைசி சீட்டுதான் எனக்கு லாயக்கு. இன்னைக்கு அங்க கூட்டம்.

அந்த டிரைவர் தலைக்கு மேல எழுதியிருக்கு பாருங்க. ஓட்டுநரிடம் பேசாதீர்கள். நீங்க எத்தனை தடவை பஸ்ல ஏறியிருப்பீங்க, ஒரு நாளாவது அதைப் படிச்சிருக்கீங்களா? நான் முப்பத்தோரு வருஷம் அதுக்கு அடியில உக்காந்தவன். எங்க அப்பா செத்த சேதி எனக்கு ஆத்தூர் ஸ்டாண்டுல வந்துச்சு. டைம் கீப்பர் ஓடி வந்து சொன்னாரு. வண்டி நிறைய ஜனம். மாத்து டிரைவர் கிடையாது. வண்டியை எடுத்தேன். சேலம் வர்ற வரைக்கும் கண்டக்டர்கிட்டக் கூட ஒரு வார்த்தை பேசல. ஸ்டாண்டுல கொண்டாந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து, கீழ இறங்கி நின்னப்புறந்தான் அழுதேன். விபத்தில்லா ஓட்டுநர்னு சர்டிபிகேட் குடுத்தாங்க, வீட்டுல மாட்டியிருக்கேன். எந்தச் சேதியா இருந்தாலும் இன்ஜினை ஆஃப் பண்ற வரைக்கும் காத்திருக்கணும் தம்பி. என் பழக்கம் அது.

அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமையும் அதுதான் நடந்துச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி, அந்த அப்டேட் வர்றதுக்கு முந்தின வாரம். மலை ரோடு. மழை வேற, வைப்பர் ஓடிட்டு இருக்கு. அவன் முன்னாடி போறான். அப்பா, ஒண்ணு சொல்லணும்னான். சொல்லுன்னேன். ரெண்டு வளைவு தாண்டினான்.  அப்புறம் சொன்னான். ஹரிணி இங்க இல்லப்பா, தனியா வீடு எடுத்துட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சு, இனி வர மாட்டான்னு. ஹரிணி என் மருமக. கல்யாணமாகி மூணு வருஷம். நல்ல பொண்ணு தம்பி, ஒரு குறை சொல்ல முடியாது, இவன்கிட்டயும் ஒரு குறை சொல்ல முடியாது.

அதைச் சொல்லிட்டு இருக்குறப்பவே முன்னாடி போற காரைத் தாண்டுறான். இண்டிகேட்டர் போடல. ஈர ரோடு, எதுக்க வளைவு. நான் என்ன சொன்னேன்னா, எத்தனை தடவைடா சொல்றது, மொதல்ல கண்ணாடியைப் பாரு, இண்டிகேட்டரைப் போடு, அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்புன்னேன்.

சரிப்பான்னான்.

அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் ஓட்டினோம். ஒவ்வொரு வளைவுக்கும் இண்டிகேட்டர் போட்டுத்தான் போனான், நான் பின்னாடி இருந்து பார்த்துட்டே வந்தேன். மலை முடிஞ்சு ரோடு நேரா வந்தப்புறமும் போட்டான். காலியான ரோட்டுல, முன்னாடி ஒரு வண்டி இல்ல, பின்னாடி என்னைத் தவிர யாருமில்ல, அப்பவும் லேன் மாறுறப்ப அந்த மஞ்ச லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணையுது. எனக்குக் கேக்கலைன்னு நினைக்காதீங்க. கேட்டுச்சு. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டுச்சு. வண்டி நிக்கட்டும், ஓரங்கட்டினதும் கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன். போய்ச் சேர்ந்தோம். அவன் மொதல்ல ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினான், நல்லாத்தான் நிறுத்தினான். நான் என் வண்டியைப் பின்னாடி தள்ளி, நேராக்கி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, சுதர்சான்னேன். திரையில அவன் பேர் அணைஞ்சு போச்சு. போயிட்டான்.

அடுத்த வாரம் அப்டேட் வந்துருச்சு. அதுதான் என் நேரம். அந்த அப்டேட் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தா நான் கேட்டிருப்பேன்.

பூங்கொடிகிட்ட அவன் தினமும் போன்ல பேசுறான். அவ அழுவா, அவன் சமாதானம் சொல்லுவான். நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்துருவேன். ஒரு நாள் என்கிட்ட வந்து, உங்ககிட்டதானே அவன் மொதல்ல சொன்னானாம், நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டா. நான் என்ன சொல்றது? இண்டிகேட்டர் போடச் சொன்னேன்னு பெத்தவகிட்டச் சொல்ல முடியுமா?  கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களேன்னா. அது எனக்கு நெஞ்சுல தைச்சிருச்சு தம்பி. மூணு மாசமா தூக்கம் சரியில்ல. படுத்தா அந்த மஞ்ச லைட்டுதான் கண்ணுக்குள்ள எரியுது.

போன் பண்ணலாம்னு நீங்களும் சொல்றீங்க. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. போன்னா எப்படித் தம்பி? வீடியோவுல மூஞ்சி தெரியும். அவன் என்னைப் பாப்பான், நான் அவனைப் பாக்கணும். அப்பா மகன்னா எல்லாரும் அப்படிப் பேசிருவாங்களா? ரோடு ஒண்ணு முன்னாடி இருந்தா நான் கேட்டுருவேன். கார்டு வாங்கப் போறேன்னு மெசேஜ் போட்டதுக்குக் கூட, வேண்டாம்பா, வீண் செலவு, நானே இப்ப ஆடுறதில்லைன்னு போட்டான். அப்பனுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு பாக்குறான். அப்படிப்பட்ட பையன்.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இன்னைக்கே போய் இதை மாட்டிருவேன். மூணு மணிக்கு வாடான்னு மெசேஜ் போடுவேன், ஆறு ஜிபி போட்டாச்சுன்னு. வந்துருவான். மொதல்ல கொஞ்ச தூரம் ஓட்டுவோம். அப்புறம் ஒரு பெட்ரோல் பங்குல ஓரங்கட்டச் சொல்லணும். ஆஃப் பண்ணிட்டுக் கேக்கணும். என்ன கேக்குறதுன்னுதான் ஓடிட்டே இருக்கு. ஹரிணி ஏண்டா போனான்னு கேக்கக் கூடாது, அது அவங்க ரெண்டு பேர் விஷயம். சாப்பாட்டுக்கு என்ன பண்றே, யார் சமைக்கிறான்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நல்லா இருக்குமா? நோட்டுல கூட எழுதி வச்சிருக்கேன்.

இருங்க, போன் அடிக்குது. என்னோடதுதான். இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க, பையில இருந்து எடுக்குறேன்.

சுதர்சன்.

எனக்கு இவன் கூப்பிடவே மாட்டானே. அம்மா நம்பருக்குத்தான் கூப்பிடுவான். பூங்கொடி சொல்லியிருப்பா, அப்பா கார்டு வாங்க சேலத்துக்குப் போயிருக்காருன்னு. பாருங்க, வீடியோ கூட இல்ல, வெறும் கால்தான். அடிக்கட்டும். வண்டியில எப்படிப் பேசுறது? நான் ஓட்டலைதான், தெரியுது. இருந்தாலும் இந்த இரைச்சல்ல, இத்தனை பேர் நடுவுல, ஹரிணி போன விஷயத்தை ஆரம்பிக்க முடியுமா? உங்ககிட்டச் சொன்னது வேற. நீங்க யாரோ.

நின்னு போச்சு. பரவாயில்ல. நாளைக்கு மூணு மணிக்குப் பேசிக்கலாம். பெட்டியைக் குடுங்க.

மல்லூர் வந்தாச்சு. இங்க ரெண்டு நிமிஷம் நிறுத்துவாரு, ஆள் ஏறணும். தண்ணி வேணும்னா ஜன்னல் வழியாவே வாங்கிக்கலாம்.

மறுபடியும் அடிக்குது. ஆமா, அவன்தான்.

என்ன தம்பி என் கையைப் பிடிக்கிறீங்க?   எடுத்துப் பேசுங்கன்னா என்ன பேசுறது? நோட்டு வீட்டுல இருக்கு. சாப்பாட்டுக்கு என்ன பண்றேன்னு கேக்கலாம்தான், அது ஞாபகம் இருக்கு. வண்டிதான் நின்னாச்சேன்னு சொல்றீங்க. நின்னாச்சு, நானும் பாக்குறேன்.

இன்ஜினை இன்னும் ஆஃப் பண்ணலையே தம்பி.